அலமாரியில் மூன்று டப்பா

அந்த ஆளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணி, நல்லா கீறீங்களா?" என்று பத்து வருஷம் பழகினவர் மாதிரி கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு கையில் இரும்புச் சுத்தியல், இன்னொரு கையில் வாய் கட்டிய துணிப்பை. சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டு இருந்தது. துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து போட வருகிறவர் சுத்தியலும் சிகரெட்டுமாக வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த விஷயம் இது. என் கணவர் காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார், இயற்பியல். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். எங்கள் வீட்டில் மட்டும் மாமனார் காலத்திலேயே தறியை எடுத்துவிட்டார்கள். ஊரில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கம் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு டாக்டர், இரண்டு வக்கீல், வாலாஜாபாத்திலிருந்து ஒரு ரைஸ்மில் முதலாளி, இப்படிச் சில பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாகறல் போகிற வழியில் ஒரு காய்ந்த ஏரிக்குப் போய், கரையில் காகிதத்தை ஒட்டி, அதில் போட்ட வட்டத்தைச் சுடுவார்கள். கரப்பான்பூச்சியைக்கூட முறத்தால் தள்ளிவிட்டு "போ, போ" என்கிற மனுஷன் என் வீட்டுக்காரர். அவருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரைஃபிளுக்குப் புதுத் தோட்டா அப்போது லேசில் கிடைக்காது. அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அடியில் தீப்பொறி கிளப்பிச் செத்துப்போன கேப்பைத் தட்டி எடுத்து, நசுங்கினதைச் சரிசெய்து, புது கேப் வைத்து, மருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டைப் பொருத்தி மறுபடி தோட்டாவாக்குவார்கள். சங்கம் அதற்கு முறைப்படி அனுமதி வாங்கி, குண்டை அழுத்திப் பொருத்தக் கைப்பிடி போட்ட ஒரு பிரஸ்ஸையும் வாங்கி, "வாத்தியார்தான் நிதானமான ஆளு" என்று பொறுப்பை எங்கள் தலையில் கட்டிவிட்டது. எங்கள் வீட்டு மாடி அறை பட்டறையாகிவிட்டது.

நிதானத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. மேஜையில் பிரஸ்ஸை நட்டுப் போட்டு முடுக்கி வைத்திருந்தார். மருந்து நிறுக்க அதற்கென்றே செய்த தராசு, அதைச் சரிபார்க்க எடைக்கல், நீளம் அளக்க வெர்னியர், மருந்து போட்ட தோட்டாவும் போடாததும் கலந்துவிடாமல் நிற்க ஓட்டை போட்ட பலகை. ஒரு தோட்டா முடிகிறவரை யாரும் கூப்பிடக் கூடாது. போன் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி.

"மேஜை மேல ஒரு டப்பாதான் இருக்கணும். ரெண்டாவது டப்பா வெளிய வந்துதுன்னா வேலைய நிறுத்திடணும்."

அலமாரியில் மூன்று டப்பா இருந்தது. பெரியதில் ரைஃபிள் மருந்து. நடுவில், மூடி ஓரத்தில் சிவப்பு வளையம் போட்டு இருந்தது ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கானது. மூன்றாவதில் அடியில் கொஞ்சம் பழைய மிச்சம். மூன்றும் பார்வைக்குக் கறுப்பு ரவைதான்.

"எல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்குது?" என்று கேட்டேன்.

"அதான் ஆபத்தே. ரைஃபிள் மருந்து மெதுவா எரியும். ரெட்டைக்குழல் மருந்து சட்டுனு எரியும். அதை இதுல போட்டா குண்டு முன்னாடி போறதுக்குள்ள வேகம் பின்னாடி வந்துடும். தோட்டாவுக்குப் பின்னாடி மூடியிருக்கிற போல்ட் கழண்டா நேரா கண்ணுக்குத்தான்."

ரைஃபிளைச் சுடும்போது கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, வலது கண்ணைப் போல்ட்டுக்குப் பின்னால்தானே வைக்கிறார்கள்! அன்றிலிருந்து என் பார்வை அவருடைய வலது கண்ணிலேயே போய் நிற்கும். சாப்பிடும்போது பார்ப்பேன், செய்தித்தாள் படிக்கும்போது பார்ப்பேன். "இன்னாத்துக்கு அப்படிப் பாக்கிற?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். என் பிழைப்பு அப்படி. நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஜனங்கள் மாத்திரையை என்ன பாடு படுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர் மிட்டாய் டப்பாவை நீட்டுவார். திறந்தால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, பேரனின் புழு மாத்திரை எல்லாம் ஒன்றாகக் குலுங்கும். "இன்னாய்யா இது கூட்டாஞ்சோறு?" என்று கத்துவேன். "எல்லாம் மருந்துதானேமா, நீங்க குடுத்ததுதானே?" என்பார். லேபிளை நம்பாதே, டப்பாவை நம்பாதே, ஆளை நம்பவே நம்பாதே என்று இருபது வருஷம் அந்த ஜன்னல் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஆகவே அந்த ஆளை நான் நம்பவில்லை. அவருக்குக் காந்தி ரோட்டில் பட்டுப்புடவைக் கடை. என் கணவரைவிட இளையவர், அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். சங்கத்தில் இவருக்கு ஒத்தாசையாக அவரைப் போட்டிருந்தார்கள். ஒத்தாசையா அது? முதல் நாளே சங்கத்துத் தராசை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, துணிப்பையிலிருந்து தன் கடைத் தராசை எடுத்து வைத்தார். நான் காப்பி கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"இது எதுக்கு?"

"தங்கச் சரிகை நிறுக்கிற தராசு அண்ணி. பொய்யே சொல்லாது."

மின்விசிறிக் காற்றில் அந்தத் தராசின் முள் சாமியாடிக்கொண்டு இருந்தது.

"சரிகை ஒரு இழை கூடிச்சுனா பொடவை கனமாகும், அவ்ளோதான். இது கூடிச்சுனா எவன் கண்ணு போகும்?"

என் கணவர் சிரித்தார். அந்த ஆளும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பியை வைத்துவிட்டு மின்விசிறியை நிறுத்தினேன். அந்தத் தராசை அவர் பையில் போடுகிறவரை நகரவில்லை.

அதற்குப் பிறகு அவர் வந்துவிட்டுப் போகும்போதெல்லாம் நான் மாடி ஏறிப் பார்ப்பேன். ஒரு நாள் ஜன்னல் கட்டையில் சாம்பல். ஊதுவத்திச் சாம்பல் என்றார் என் கணவர். ஊதுவத்திச் சாம்பலுக்கும் சிகரெட் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? இன்னொரு நாள் பிரஸ்ஸில் சரியாக உட்காராத குண்டைச் சுத்தியலால் லொட்டு லொட்டென்று தட்டிக்கொண்டு இருந்தார். உள்ளே மருந்தும் கேப்பும் இருக்கிற தோட்டாவை! மாடியிலிருந்து கேட்ட சத்தத்துக்கு நான் இரண்டிரண்டு படியாக ஏறினேன். என் கணவர் அதற்குள் சுத்தியலைப் பிடுங்கிக் கீழே வைத்திருந்தார். அந்தத் துணிப்பை வேறு. எப்போதும் கூடவே வரும், தராசு வெளியே வந்த அந்த ஒரு நாள் தவிர வாய் கட்டியே இருக்கும். உள்ளே என்ன என்று கேட்டால், "சும்மா அண்ணி, கடைச் சாமான்" என்பார். சும்மா இருக்கிற சாமானை எவன் முடிச்சுப் போட்டுக் கட்டுவான்?

"அந்த ஆளு ஏதோ கலக்கறாரு, எடுக்கறாரு. பாத்துக்குங்க" என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"உனக்கு எல்லார் மேலயும் டவுட்டு. அவன் வெள்ளந்தி."

"வெள்ளந்தி வேற, வெவரம் வேற. நீங்க ஒவ்வொரு தடவையும் கேளுங்க. இன்னா போட்டே, எதிலிருந்து எடுத்தே, எதையாவது கலந்தியான்னு கேளுங்க."

முதலில் முணுமுணுத்தார். பிறகு என் நச்சரிப்பு தாங்காமல் கேட்க ஆரம்பித்தார். நான் கீழே நின்று காது கொடுப்பேன். "என்னப்பா, எதையும் கலக்கலையே?" என்று அவர் கேட்பதும், "இல்லண்ணே" என்று அந்த ஆள் சொல்வதும் கேட்கும். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் நானே நேரில் சொல்லிவிட்டேன். ரயில்வே ரோட்டில் வெல்டிங் கடைக்காரர்கள் சாணை பிடிக்கும்போது போட்டுக்கொள்ளும் கெட்டி வெள்ளைக் கண்ணாடி இரண்டு வாங்கி வந்து மேஜையில் வைத்தேன்.

"இதைப் போடாம ரெண்டு பேரும் மருந்தையும் தொடக்கூடாது, துப்பாக்கியையும் தொடக்கூடாது. அப்புறம் தம்பி, தப்பா நினைக்காதீங்க. சுத்தியல் வச்சு லோடு பண்றவங்க எங்க வீட்டு மேஜையில உக்கார வேணாம்."

என் கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த ஆள் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிங்க அண்ணி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிரஸ்ஸைத் தொடவே இல்லை. பலகையில் தோட்டாவை அடுக்கிக் கொடுப்பார், என் கணவர் லோடு பண்ணினதை வாங்கிக்கொண்டு போவார். இவ்வளவு சட்டென்று பணிந்துபோனாரே, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் தெருவில் அன்றைக்குத் தறிக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பொரி. எங்கள் வீட்டில் என் மாமியார்தான் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பார். அரிவாள்மணையிலிருந்து என் கணவரின் சைக்கிள்வரை ஒன்றும் தப்பாது. மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரைகுறையாக எதுவும் இருந்தால் அவருக்கு ஆகாது. இரண்டு பாட்டிலில் பாதிப் பாதி நல்லெண்ணெய் இருந்தால் ஒன்றாக ஊற்றிவிட்டு, காலி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் உட்காருவார். என் கணவர் அலமாரிச் சாவியை அவர் கையில் கொடுத்து, "பிரஸ்ஸுக்குப் பொட்டு வைமா. டப்பாவுல மருந்து இருக்குது, கீழ கொட்டிடாதே" என்று சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போனார். நான் ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்தேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு எடுத்து வேலை தொடங்க வேண்டும். என் கணவர் குளித்துவிட்டு, பிரஸ்ஸின் நெற்றியில் குங்குமம் காயாமல் இருக்கும்போதே உட்கார்ந்து லோடு பண்ணினார். அவருடைய விதிப்படி மேஜையில் ஒரே ஒரு டப்பா, ரைஃபிள் மருந்து என்று லேபிள் ஒட்டிய பெரிய டப்பா. சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஆள் வந்து அந்தத் தோட்டாக்களை வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவருக்கு ஏதோ அரசுத் தேர்வுக்கு மேற்பார்வை வேலை. அவர் போய்விட்டார். நான் தாளிக்கக் கடுகு எடுக்க அடுப்படி அலமாரியைத் திறந்தேன். கடுகு புதிதாக ஒரு டப்பாவில் இருந்தது. பளபளவென்று தேய்த்த டப்பா. மூடியின் ஓரத்தில் ஒரு சிவப்பு வளையம். அந்தச் சிவப்பு வளையத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன்.

"அத்தை, இந்த டப்பா ஏது?"

"மாடியில இருந்துது. மூணு டப்பாவும் அரைகுறையா கெடந்துது. ஒண்ணாக் கொட்டிட்டு ரெண்டைக் கழுவி எடுத்துக்கினேன். நல்ல டப்பா, துருவே பிடிக்கல பாரு."

"ஒண்ணாவா கொட்டினீங்க?"

"பெரிசுலதான். நல்லா குலுக்கித்தான் வச்சேன், அடியில தங்காம."

ஐயோ என்று கத்தினேனா, மனசுக்குள் நினைத்தேனா, தெரியாது. மாடிக்கு ஓடிப் பார்த்தேன். அலமாரியில் பெரிய டப்பா மட்டும் நின்றுகொண்டு இருந்தது. பக்கத்தில் இரண்டு வட்டமாகத் தூசி இல்லாத இடம். என் கணவர் அந்தப் பக்கம் பார்த்திருக்கவே மாட்டார். ஒரு டப்பாதான் வேண்டும் அவருக்கு, அதை எடுத்தார், மூடினார், வைத்தார்.

பட்டுக்கடை வீட்டுக்குப் போன் போட்டேன். "அவர் விடியக்காத்தாலயே கெளம்பிட்டாருங்களே" என்றார் அவர் மனைவி. குரலில் தூக்கம். பக்கத்தில் குழந்தை அழுகிற சத்தம். போனை வைத்துவிட்டேன். என்னத்தைச் சொல்ல?

மொபெட்டை எடுத்தேன். ஓரிக்கை தாண்டி, பாலாறு தாண்டி, அந்த ரோட்டில் நான் தனியாக அவ்வளவு தூரம் அதுவரை போனதில்லை. வழி முழுக்க அந்த ஆளின் வலது கண் என் முன்னால் வந்துகொண்டே இருந்தது. ஒரு வருஷமாகத் திட்டித் தீர்த்த ஆள். மாட்டுவண்டி ஒன்று வழி விடவில்லை. வண்டிக்காரனைத் திட்டினேன், மொபெட்டைத் திட்டினேன், சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பூ வாங்கப் போன மனுஷனைத் திட்டினேன். மாமியாரைத் திட்ட மட்டும் வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் நான் தினமும் பார்க்கிற கூட்டத்தில் ஒருத்தர் என் வீட்டிலேயே இருந்திருக்கிறார். நான் அவரை விட்டுவிட்டு ஊரான் பையை முகர்ந்துகொண்டு இருந்தேன்.

ஏரிக்கரை கண்ணில் படும்போது ஒரு வெடிச்சத்தம். வழக்கமான சத்தம் இல்லை அது. தட்டென்று ஏதோ உடைகிற மாதிரி சத்தம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று சொல்லிக்கொண்டே கரையில் மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு இறங்கினேன்.

மற்றவர்கள் இன்னும் வரவில்லை, அந்த ஆள் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்துதான் இருந்தார், சாயவில்லை. மடியில் துப்பாக்கி. வலது கன்னம் கறுத்து, எலும்பின் மேல் ஒரு கீறலில் ரத்தம் வழிந்துகொண்டு இருந்தது. கையில் தறிக்காரர்கள் ஆப்பு அடிக்கிற மரக் கொட்டாப்புளி.

"அண்ணி? நீங்க எங்க இங்க?" என்றார். "மொதல் குண்டே இப்படி அடிச்சுடுச்சு. போல்ட் தொறக்கவே மாட்டேங்குது. ரெண்டு தட்டு தட்டிட்டு அடுத்ததைப் போட்டுப் பாக்கலாம்னு..."

"தொடாதீங்க! கையை எடுங்க!"

கொட்டாப்புளியைப் பிடுங்கித் தூர எறிந்தேன். மிச்சத் தோட்டா இருந்த பெட்டியை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வெல்டிங் கண்ணாடி போட்டிருந்தார். வலது கண்ணாடியில் நடுவில் வெள்ளையாக ஒரு பொத்தல், அதைச் சுற்றி விரிசல். பித்தளைத் துண்டு ஒன்று அதில் குத்திக்கொண்டு நின்றது. கழற்றச் சொன்னேன். கண் இருந்தது. இரண்டு கண்ணும் இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிமிட்டினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

துணிப்பை பக்கத்தில் வாய் திறந்து கிடந்தது. உள்ளே பட்டுப்புடவைக் கிழிசல். குழல் துடைக்க. கடையில் மிச்சமாகிற துண்டுகளைத்தான் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். ஒரு மாம்பழக் கலர் துண்டை எடுத்து அவர் கன்னத்தில் அழுத்தினேன்.

"உங்களுக்கு பயந்துதான் அண்ணி இந்தக் கண்ணாடிய போட்டேன்" என்றார். துண்டைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு பயந்துதான் என் கையால லோடு பண்றதையும் விட்டுட்டேன். அண்ணன் பண்ணினதுன்னா ஒரு கவலையும் இல்லன்னு."

எழுந்திருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து உட்கார வைத்தேன். அவர் மனைவிக்கு அங்கிருந்தே போன் செய்து, கீறல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். மாமியார் காப்பி கொடுத்தார். கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மத்தியானம் தேர்வு முடிந்து என் கணவர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கன்னத்துக் கட்டைப் பார்த்தார், சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியைப் பார்த்தார், திறக்காமல் நிற்கிற போல்ட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"டேய், இன்னாத்தடா கலந்தே?" என்றார்.

ஒரு வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த கேள்வி.

அந்த ஆள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்களே சொல்லுங்க அண்ணி" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படி வாசலில், கையில் சிவப்பு வளையம் போட்ட டப்பாவோடு மாமியார் வந்து நின்றார்.

"அவன் ஒண்ணும் கலக்கலடா. நான்தான் கலந்தேன். மருந்துன்னு மட்டும்தானே நீ சொன்னே?"